உவர்நீரில் ஒளிந்த உலோகம்

சிலி நாட்டின் வடபகுதியில் சுக்கிகமாட்டா என்றொரு தாமிரச் சுரங்கம் இருக்கிறது. உலகத்தின் மிகப் பெரிய திறந்தவெளிச் சுரங்கங்களுள் அது ஒன்று. தாமிரக் கனியத்தை அரைத்துப் பிரித்தெடுப்பதற்கு ஏராளமான நீர் வேண்டும். சுரங்கமோ அட்டகாமாப் பாலைவனத்தில் இருக்கிறது. 1960களின் தொடக்கத்தில் சுரங்கத்தார் நீர் தேடி ஆட்களை அனுப்பினார்கள். அவ்வாறு போனவர்கள், ஆண்டிஸ் மலைத்தொடரின் மேற்கு அடிவாரத்தில் பரந்து கிடக்கும் ஓர் உப்புவெளியை அடைந்து, அதன் அடியில் தேங்கிய நீரை எடுத்துச் சோதித்தார்கள். நீர் இருந்தது, ஆனால் அது நாவில் வைக்க முடியாத நீர். லிட்டர் ஒன்றுக்கு 300 கிராமுக்கு மேல் உப்புகள் அதில் கரைந்திருந்தன. கடல் நீரில் கரைந்திருப்பது 35 கிராம்தான். எதற்கும் உதவாதது என்று அதனை அப்படியே விட்டிருக்கலாம். ஆயினும் சோதனைச் சாலையில் அதனைப் பகுத்துப் பார்த்தபோது, சோடியம், பொட்டாசியம், மக்னீசியம் ஆகியவற்றோடு, லித்தியம் என்ற உலோகமும் வியக்கத்தக்க அளவில் இருப்பது தெரியவந்தது. தேடிப் போனது நீர், கிடைத்தது உலோகம்.

அந்த உவர்நீர் எவ்வாறு உண்டாயிற்று, அதுபோன்ற நீரை நிலத்தடியில் எவ்வாறு தேடுகிறார்கள், எவ்வளவு இருக்கிறதென்று எவ்வாறு அளக்கிறார்கள் என்பனவற்றை மாணவ நேயர்களுக்கு எடுத்துச் சொல்வதே இன்று என் நோக்கம்.

முதலில் லித்தியத்தைப் பற்றிச் சில சொற்கள். 1817ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டில், பெர்சீலியஸ் என்ற பெரும் இரசாயன அறிஞரின் சோதனைச் சாலையில், ஆர்ஃப்வெட்சன் என்னும் இளைஞர் ஊட்டோ என்ற தீவிலிருந்து வந்த ஒரு கனியத்தைப் பகுத்துக்கொண்டிருந்தார். தெரிந்த பொருள்களின் எடைகளையெல்லாம் கூட்டினார். கூட்டுத்தொகை நூற்றை எட்டவில்லை. குறைந்த பங்கு எது என்று துருவியதிலேதான் ஒரு புதிய தனிமம் வெளிப்பட்டது. கல்லில் கண்டமையால், கல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லைக் கொண்டு அதற்குப் பெயரிட்டார்கள். உலோகங்களுள் இதுவே மிகவும் இலேசானது. இதன் அடர்த்தி நீரின் அடர்த்தியில் பாதியளவே. இதன் அணு எண் 3. 1991ஆம் ஆண்டில் லித்தியம் அயனி மின்கலங்கள் கடைக்கு வந்தன. அவற்றுக்கு அடிகோலிய மூவருக்கு 2019ஆம் ஆண்டில் நோபல் பரிசு வழங்கப்பட்டது. இன்று கைப்பேசியும், மடிக்கணினியும், மின்சார வண்டியும் ஓடுவது இந்த மின்கலத்தால் என்பதை நான் சொல்லி நீங்கள் அறிய வேண்டியதில்லை.

கல்லின் பெயரைத் தாங்கிய இந்த உலோகம் நீரிலும் உண்டு என்பதைக் காட்டியவர்கள் புன்சனும் கிர்க்காஃபும். 1860ஆம் ஆண்டில் அவர்கள் நிறமாலைக் கருவியைக் கையாளத் தொடங்கியபோது, லித்தியத்துக்கே உரிய செந்நிறக் கோடு கடல்நீரிலும், புகையிலைச் சாம்பலிலும், மேலும் பற்பல பொருள்களிலும் தோன்றியது. ஆக, லித்தியம் அரிதான பொருளன்று. எங்கும் சிதறிக் கிடக்கும் பொருள். தரையின் மேலோட்டுப் பாறையில் டன்னுக்கு ஏறக்குறைய 20 கிராம் இருக்கிறது. கடல்நீரில் லிட்டருக்கு 0.18 மில்லிகிராம் இருக்கிறது. சிதறிக் கிடப்பதை யார் ஒன்று சேர்ப்பது என்பதுதான் கேள்வி. ஆஸ்திரேலியா போன்ற இடங்களில் ஸ்பாடுமின் என்ற பாறைக் கனியத்தில் இயற்கை அதனை ஒன்று சேர்த்து வைத்திருக்கிறது. தென் அமெரிக்காவின் உயர்ந்த பாலைநிலங்களில் அந்த வேலையை எரிமலையும், வெந்நீரும், வெயிலும் சேர்ந்து செய்திருக்கின்றன. அட்டகாமா உப்புவெளியின் உவர்நீரில் லித்தியம் சராசரியாக லிட்டருக்கு 1,500 மில்லிகிராம் அளவில் இருக்கிறது. கடல்நீரைப்போல் 8,000 மடங்குக்கு மேல்!

இது எப்படி நேர்ந்தது? வரைபடத்தை விரித்துத் தென் அமெரிக்காவின் மேற்குக் கரையைப் பாருங்கள். பசிபிக் கடலின் அடித்தளம் அங்கே கண்டத்தின் அடியில் மெல்ல மெல்ல நுழைந்து அமிழ்ந்துகொண்டிருக்கிறது. அந்த அமிழ்தலின் விளைவாக ஆழத்தில் பாறை உருகிக் குழம்பாகி மேலே எழுகிறது. ஆண்டிஸ் மலையின் எரிமலைகள் அவ்வாறு தோன்றியவை. பாறைக் குழம்பு குளிரும்பொழுது எல்லாம் ஒருமிக்க உறைந்துவிடுவதில்லை. ஒவ்வொரு கனியமாகப் படிகமாகிப் பிரியும். அவ்வாறு முதலில் பிரியும் கனியங்களின் படிக அமைப்பில் லித்தியத்துக்கு எளிதில் இடம் கிடைப்பதில்லை. ஆகையால் அது எஞ்சிய குழம்பிலேயே தங்கித் தங்கிச் செறிகிறது. கடைசியில் அந்தக் குழம்பு வெடித்துச் சாம்பலாகவும் கண்ணாடிபோன்ற பாறையாகவும் வெளிவரும்போது, லித்தியமும் அதனுடன் வெளிவருகிறது. எரிமலைக் கண்ணாடி உறுதியற்ற பொருள். நீர் பட்டால் எளிதில் சிதையும். மழைநீரும் பனிநீரும் அதில் ஊறி இறங்கும்போது லித்தியம் கரைந்து வருகிறது. நிலத்தின் உட்சூட்டால் கொதிக்கும் நீரோ இந்த வேலையை இன்னும் விரைவாகச் செய்கிறது. அட்டகாமாவுக்கு வடக்கே 4,300 மீட்டர் உயரத்தில் எல் டாட்டியோ என்ற இடத்தில் வெந்நீர் ஊற்றுகள் சீறியெழுகின்றன. அவற்றின் நீரில் லிட்டருக்குப் பல பத்து மில்லிகிராம் லித்தியம் உண்டு. அந்த ஊற்று நீர் உப்புவெளிக்கு வந்து சேர்வதில்லை. அது வேறோர் ஆற்றில் போய் விழுகிறது. ஆயினும் மலையின் அடியில் நடப்பது என்ன என்பதற்கு அது கண்கண்ட சான்று.

இனி, கரைந்த லித்தியம் எங்கே போகும்? ஆறு கடலில் கலக்கும் நாடாக இருந்தால் அது கடலுக்குப் போய்விடும், போனது போனதுதான். ஆனால் அட்டகாமாவில் நிலத்தின் அமைப்பு வேறு. கிழக்கே எரிமலைத் தொடர். மேற்கே டொமெய்கோ மலைத்தொடர். நடுவே, கடல்மட்டத்துக்கு 2,300 மீட்டர் உயரத்தில், நாற்புறமும் அடைபட்ட ஒரு பெரும் பள்ளம். உள்ளே வரும் நீர் வெளியே போக வழியில்லை. ஒரே வழி ஆகாய வழிதான். அந்தப் பள்ளத்தில் ஆண்டுக்குச் சில பத்து மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்வதில்லை. ஆவியாகிப் போகக்கூடிய நீரின் அளவோ ஆண்டுக்கு ஏறத்தாழ இரண்டு மீட்டர். வரவைவிடச் செலவு பன்மடங்கு மிகுந்த இந்தக் கணக்கிலே நீர் போய்விடுகிறது. நீர் சுமந்து வந்த உப்பு தங்கிவிடுகிறது.

பள்ளம் நிறைந்துவிடாதா என்று கேட்கலாம். நல்ல கேள்வி. அடித்தரை அசையாமல் இருந்தால், நாளடைவில் உப்பும் மண்ணும் நிரம்பிப் பள்ளம் மேடாகும். நீர் வழிந்து வேறு திசையில் ஓடத் தொடங்கும். இங்கேயோ நிலத்தின் அடுக்குகள் முறிந்து நழுவுவதால் பள்ளத்தின் தரை இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. உப்பு படியப்படியத் தரையும் தாழ்ந்து இடங்கொடுத்தது. பல இலட்சம் ஆண்டுகள் இவ்வாறு நடந்தமையால், உப்புப் படிவு பல நூறு மீட்டர் ஆழத்துக்குக் கட்டிநின்றது.

நம் தூத்துக்குடி உப்பளங்களைப் பார்த்தவர்களுக்கு அடுத்து நிகழ்வது எளிதில் விளங்கும். பாத்தியில் கட்டிய கடல்நீர் வற்றும்போது முதலில் சுண்ணாம்பும் ஜிப்சமும் படிகின்றன. பிறகு சோற்றுப்பு விளைகின்றது. உப்பை வாரியெடுத்த பின் ஒருவகைக் கசப்பு நீர் எஞ்சுகின்றது. மக்னீசிய உப்புகள் அந்தக் கசப்பு நீரில் இருக்கின்றன. அட்டகாமாவில் இதே பாடத்தை இயற்கை பெரிய சிலேட்டில் எழுதிக் காட்டியிருக்கிறது. உப்புவெளியின் ஓரங்களில் சுண்ணாம்புப் படிவு; அதற்கு உள்ளே ஜிப்சம்; நடுவே ஆயிரம் சதுரக் கிலோமீட்டருக்கு மேற்பட்ட பரப்பில் வெறும் சோற்றுப்பு. லித்தியத்தின் குளோரைடு நீரில் மிக எளிதாகக் கரையக்கூடியது. ஆகையால் மற்றவை ஒவ்வொன்றாக விலக, அது மட்டும் கடைசிவரை கரைசலிலேயே நிற்கிறது. அந்தக் கரைசல் உப்புப் படிகங்களுக்கு இடையிலுள்ள புழைகளிலே தேங்கிக் கிடக்கிறது. மேலே நின்று பார்த்தால் காய்ந்த உப்புக் கட்டி. சிறிது தோண்டினாலே உவர்நீர். இதனைத்தான் ‘லித்தியப் படிவு’ என்கிறோம்.

எல்லாப் பள்ளங்களிலும் உப்புதான் நீரைத் தாங்குகிறது என்று எண்ணிவிடக்கூடாது. அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் கிளேட்டன் பள்ளத்தாக்கு என்ற இடத்தில் 1966ஆம் ஆண்டு முதல் உவர்நீரிலிருந்து லித்தியம் எடுத்து வருகிறார்கள். அங்கே உவர்நீரைத் தாங்கும் அடுக்குகளுள் முக்கியமானது ஒரு சாம்பல் படிவு. ஏறக்குறைய 7,60,000 ஆண்டுகளுக்கு முன் கலிபோர்னியாவின் லாங் பள்ளத்தாக்கில் வெடித்த பெரும் எரிமலையின் சாம்பலே அது என்று கருதுகிறார்கள். காற்றில் பறந்து வந்து விழுந்த சாம்பல், களிமண் அடுக்குகளுக்கு நடுவே பஞ்சுபோல் நீரை ஏந்தி நிற்கிறது. ஆர்க்கன்சா மாநிலத்திலோ எரிமலைப் பள்ளமே கிடையாது. அங்கே நிலத்தின் ஆழத்தில், ஸ்மாக்கோவர் என்ற ஜுராசிக் காலத்துச் சுண்ணாம்புப் பாறையில், எண்ணெய்க் கிணறுகளோடு சேர்ந்து உவர்நீர் வருகிறது. அதிலிருந்து புரோமினை நெடுங்காலமாக எடுத்து வந்தார்கள். 2024ஆம் ஆண்டில் அமெரிக்க நிலநூல் அளவை நிறுவனம், அம்மாநிலத்தின் தென்பகுதியில் அந்தப் பாறை நீரில் 50 இலட்சம் முதல் 190 இலட்சம் டன் வரை லித்தியம் இருக்கலாம் என்று மதிப்பிட்டது. ஒரு மதிப்பீட்டின் இரு எல்லைகள் ஏறக்குறைய நான்கு மடங்கு வேறுபடுவதைக் கவனியுங்கள். அது அளப்பவர்களின் குறையன்று. நிலத்தடி நீரை அளப்பதன் இயல்பு அது.

தேடும் முறைக்கு வருவோம். முதல் வேலை மேசைமேல் நடக்கிறது. செயற்கைக்கோள் படங்களை வைத்துக்கொண்டு, வடிகாலற்ற பள்ளங்கள் எங்கெங்கே இருக்கின்றன, அருகில் இளம் எரிமலைப் பாறை உண்டா, வெந்நீர் ஊற்றுகள் உண்டா, வறண்ட நிலைமை நெடுங்காலமாக நிலவியதா என்று குறித்துக்கொள்கிறார்கள். அதன்பின் ஆட்கள் போய், ஊற்று நீரையும், ஓரத்து ஓடைகளின் நீரையும், ஆழமற்ற குழிகளில் ஊறும் நீரையும் புட்டிகளில் நிரப்பிக்கொண்டு வருகிறார்கள்.

அந்தப் புட்டி நீரைச் சோதிப்பதிலே ஒரு சிக்கல் உண்டு. உவர்நீரைப் பிளாட்டினக் கம்பியில் தோய்த்துச் சுடரிலே காட்டினால், நீங்கள் எதிர்பார்க்கும் செந்நிறம் தெரியாது. சோடியத்தின் மஞ்சள் நிறமே கண்ணைப் பறிக்கும். ஆயிரம் பங்கு சோடியத்துக்கு நடுவே சில பங்கு லித்தியம் அமிழ்ந்துவிடுகிறது. நிறமாலைக் கருவியில் பார்த்தால்தான் 670.8 நானோமீட்டரில் அதன் செங்கோடு தனித்து நிற்கும். இன்றைய சோதனைச் சாலைகளில் இதைவிட நுட்பமான கருவிகள் இருக்கின்றன. இருந்தாலும், இவ்வளவு உப்பு மிகுந்த நீரை அவற்றுக்கு ஏற்ற அளவுக்குக் கரைத்துத் தளர்த்துவதில் பிழை நேரலாம். ஆகையால் விடைகளை ஒரு பழைய விதியால் சரிபார்க்கிறார்கள். கரைசலிலுள்ள நேர்மின் அயனிகளின் மொத்த மின்னூட்டமும், எதிர்மின் அயனிகளின் மொத்த மின்னூட்டமும் சமமாக இருந்தாக வேண்டும். இல்லையென்றால் எங்கோ தவறு. கல்லூரி முதலாண்டு மாணவன் போடும் கணக்குத்தான் இது. கோடிக்கணக்கான பொருளைச் செலவிடுவோரும் இதனைப் போட்டுப் பார்த்த பிறகே மேலே நகர்கிறார்கள்.

மேற்பரப்பில் நல்ல நீர் கிடைத்தால் அது ஆழத்திலும் அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது. கீழே என்ன இருக்கிறது என்பதைத் துளையிடாமலே ஓரளவு அறிய இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று புவியீர்ப்பை அளப்பது. பள்ளத்தை நிரப்பியிருக்கும் உப்பும் மண்ணும் அடிப்பாறையைவிட இலேசானவை. ஆகையால் பள்ளம் ஆழமான இடத்தில் ஈர்ப்பு மிகச் சிறிதளவு குறையும். இதிலிருந்து பள்ளத்தின் வடிவம் தெரிகிறது. மற்றொன்று மின்சாரத்தைப் பயன்படுத்துவது. உவர்நீர் மின்சாரத்தை நன்கு கடத்தும். நன்னீர் அவ்வளவாகக் கடத்தாது. காய்ந்த உப்பும் பாறையும் பெரும்பாலும் தடுத்துவிடும். ஆனால் உப்புவெளியின் மேல்தோடு கல்போல் இறுகிக் காய்ந்திருப்பதால், அதில் மின்முளைகளை அடித்து மின்னோட்டம் செலுத்துவது கடினம். இதற்கு ஓர் உபாயம் செய்தார்கள். தரைமேல் கம்பியைப் பெரிய வளையமாக விரித்து, அதில் மின்னோட்டத்தைச் செலுத்தித் திடீரென்று நிறுத்துகிறார்கள். காந்தப் புலம் சட்டென்று மறைவதால், ஃபாரடே கண்ட விதியின்படி, தரைக்குள்ளே சுழல் மின்னோட்டங்கள் பிறந்து ஆழத்தை நோக்கிப் பரவித் தேய்கின்றன. அவை தேயும் வேகத்தை மேலிருந்தே அளந்து, எந்த ஆழத்தில் உவர்நீர் தொடங்குகிறது என்று சொல்லிவிடுகிறார்கள். பள்ளிப் புத்தகத்தில் இரண்டு சுருளும் ஒரு காந்தமுமாகப் படித்த பாடம் இங்கே நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்தை எட்டிப் பார்க்கிறது.

பிறகு துளையிடுகிறார்கள். பொதுவாகத் துளையிடும் கருவியைக் குளிரச் செய்ய நன்னீரை விடுவது வழக்கம். இங்கே நன்னீரை விட்டால் அது உப்பைக் கரைத்துத் துளையை அகலமாக்கிவிடும். உள்ளிருக்கும் உவர்நீரையும் நீர்த்துப்போகச் செய்யும். ஆகையால் அந்த இடத்து உவர்நீரையே எடுத்துப் பயன்படுத்துகிறார்கள். உருளையாக அறுத்தெடுத்த உப்பையும் மண்ணையும் பெட்டிகளில் வரிசையாக அடுக்கி, ஒவ்வோர் ஆழத்து நீரையும் தனித்தனியே எடுப்பதற்காகத் துளையின் மேலும் கீழும் இரப்பர் அடைப்புகளை ஊதிப் பொருத்தி, நடுவிலுள்ள நீரை மட்டும் உறிஞ்சுகிறார்கள்.

இனிமேல்தான் கடினமான கேள்வி. எவ்வளவு இருக்கிறது? இதற்கு ஒரு சிறு கணக்குப் போடுவோம். பரப்பு 100 சதுரக் கிலோமீட்டர். உவர்நீர் தாங்கும் அடுக்கின் கனம் 50 மீட்டர். நீரில் லிட்டருக்கு 1,000 மில்லிகிராம் லித்தியம் என்று வைத்துக்கொள்வோம். அடுக்கின் மொத்தப் பருமன் 500 கோடி கன மீட்டர். அதில் 100க்கு 30 பங்கு புழையாக இருந்தால் நீர் 150 கோடி கன மீட்டர். கன மீட்டருக்கு ஒரு கிலோகிராம் வீதம் லித்தியம் 15 இலட்சம் டன். கணக்கு முடிந்ததென்று நினைத்தால் ஏமாறுவோம். ஈரக் களிமண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் நீர் ஏராளமாக இருக்கிறது. ஆனால் பிழிந்தாலும் வராது. ஈர மணலில் அவ்வளவு இராது. இருந்தாலும் அதன் பெரும்பகுதி வடிந்துவிடும். புழையில் இருக்கும் நீர் வேறு, புழையை விட்டு வடியும் நீர் வேறு. வடியக்கூடிய பங்கு 100க்கு 10 என்றால் லித்தியம் 5 இலட்சம் டன். 5 என்றால் இரண்டரை இலட்சம் டன். ஒரே நிலம், ஒரே நீர். எந்த எண்ணை எடுத்துக்கொள்கிறோம் என்பதைப் பொறுத்து விடை ஆறு மடங்கு மாறிவிடுகிறது! செய்தித்தாளில் ‘இத்தனை இலட்சம் டன் கண்டுபிடிப்பு’ என்று வரும்போது, எந்தப் புழையைக் கணக்கிட்டார்கள் என்று கேட்கக் கற்றுக்கொள்வது நல்லது. அட்டகாமாவில் மேல் அடுக்குகளின் உப்பில் புழைகள் மிகுதி. ஆழம் செல்லச் செல்ல உப்பு மீண்டும் படிகமாகிப் புழைகளை அடைத்துவிடுகிறது. ஆகையால் பல நூறு மீட்டர் உப்பு இருந்தபோதிலும், நீரைத் தாராளமாகத் தருவது மேலேயுள்ள சில பத்து மீட்டர்களே.

பாறைக் கனியத்துக்கும் இதற்கும் அடிப்படையான ஒரு வேறுபாடு உண்டு. தங்கப் பாறையை இன்று அளந்து பத்தாண்டுகள் கழித்துப் போனாலும் அது அங்கேயேதான் இருக்கும். உவர்நீர் நகரும். ஓரிடத்தில் கிணறு வைத்து இறைத்தால், சுற்றுப்புறத்து நீர் அங்கே சரிந்து வரும். ஓரத்து நன்னீரும் சேர்ந்து வரலாம். வந்தால் லித்தியத்தின் செறிவு குறையும். இதனை அறிவதற்காக ஒரு கிணற்றில் நாட்கணக்கில் இறைத்து, அருகிலுள்ள கிணறுகளில் நீர்மட்டம் எவ்வளவு இறங்குகிறது, எவ்வளவு காலத்தில் இறங்குகிறது என்று குறித்து வருகிறார்கள். பள்ளத்துக்குள் வரும் நீரையும் ஆவியாகிப் போகும் நீரையும் ஆண்டுதோறும் கணக்கெழுதி, கணிப்பொறியில் நிலத்தின் மாதிரியொன்றை அமைத்து, இருபது முப்பது ஆண்டுகள் இறைத்தால் என்ன ஆகும் என்று பார்க்கிறார்கள்.

எடுத்த நீரை என்ன செய்கிறார்கள் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பரந்த பாத்திகளில் தேக்கி வெயிலில் காயவிடுகிறார்கள். முதலில் சோற்றுப்பு, பின்னர் பொட்டாசிய உப்புகள், பின்னர் மக்னீசிய உப்புகள் படிகின்றன. ஓராண்டு அல்லது ஒன்றரை ஆண்டுக்குப் பிறகு நூற்றுக்கு ஏறக்குறைய 6 பங்கு லித்தியம் கொண்ட கரைசல் எஞ்சுகிறது. அதனை அன்டோபகாஸ்டா நகரத்தின் அருகிலுள்ள ஆலைகளுக்குக் கொண்டுபோய்ச் சோடாச் சாம்பல் சேர்த்து லித்தியம் கார்பனேட்டாக வீழ்படியச் செய்கிறார்கள். இதிலே முதன்மையான எதிரி மக்னீசியம். லித்தியம் அயனியும் மக்னீசியம் அயனியும் பருமனில் ஏறக்குறைய ஒத்தவை. தனிம அட்டவணையில் மூலைவிட்ட உறவினர். ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரிப்பது செலவான வேலை. அட்டகாமா நீரில் லித்தியத்தைப்போல் ஆறு மடங்கு அளவில் மக்னீசியம் இருக்கிறது. பொலிவியா நாட்டின் ஊயூனி உப்புவெளி பரப்பில் மிகப் பெரியது. 10,000 சதுரக் கிலோமீட்டர். ஆனால் அதன் நீரில் மக்னீசியம் ஏறக்குறைய இருபது மடங்கு, மழையும் அதிகம். ஆகையால் பெரிய புதையல் கையிலிருந்தும் அந்நாடு அதனை எளிதில் பயன்படுத்த முடியவில்லை. வெயிலை நம்பாமல், லித்தியத்தை மட்டும் பற்றிக்கொள்ளும் பொருளின் வழியே நீரைச் செலுத்திப் பிரிக்கும் முறையும் உண்டு. அர்ஜென்டினாவின் ஓம்ப்ரே மூர்த்தோ உப்புவெளியில் 1990களின் பிற்பகுதி முதலே அதனைக் கையாண்டு வருகிறார்கள். இந்திய அரசின் ‘காபில்’ நிறுவனமும் 2024 ஜனவரியில் அந்நாட்டின் கட்டமார்க்கா மாகாணத்தில் ஐந்து வட்டாரங்களில் லித்திய உவர்நீரைத் தேட ஒப்பந்தம் செய்துகொண்டது. மேலே சொன்ன ஆய்வுகளெல்லாம் அங்கும் வேண்டியிருக்கும்.

மீண்டும் அட்டகாமாவுக்கே போவோம். ஏனெனில் தீராத வழக்கு அங்கே ஒன்று இருக்கிறது. அந்த உப்புவெளி ஆளற்ற வெளியன்று. அதன் ஓரங்களில் டோக்கோனாவ், பெய்னே, சொக்காய்ரே முதலிய சிற்றூர்கள் இருக்கின்றன. லிக்கான் அந்தாய் என்னும் தொல்குடி மக்கள், மலையிலிருந்து இறங்கும் சிறு ஓடைகளை நம்பித் தோட்டமும் ஆடும் வளர்த்து வாழ்ந்து வருகிறார்கள். உப்புவெளியின் விளிம்பிலே ஆங்காங்கு ஏரிகள் இருக்கின்றன. அவற்றில் மூவகைப் பூநாரைகள் இரை தேடுகின்றன.

பாலையின் நடுவே அந்த ஏரிகள் எப்படி வந்தன? மலையிலிருந்து நிலத்தடியில் இறங்கி வரும் நன்னீர், உப்புவெளியின் கனத்த உவர்நீரைச் சந்திக்கிறது. உவர்நீரின் அடர்த்தி நன்னீரைப்போல் ஒன்றேகால் மடங்கு அளவில் இருப்பதால், நன்னீர் அதற்குள் புக முடியாமல் அதன் மேலேறி நிற்கிறது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் நன்னீர் தரைமேல் ததும்புகிறது, அதுவே ஏரி. ஆகவே ஏரிக்கு அணை கட்டியிருப்பது உவர்நீர்தான். நடுவிலிருந்து உவர்நீரை இறைத்து அதன் மட்டம் தாழ்ந்தால், ஓரத்து நன்னீர் என்ன ஆகும்? இதுதான் வழக்கு. சிலி நாட்டுச் சட்டம் உவர்நீரை நீராகக் கருதுவதில்லை; கனியமாகக் கருதுகிறது. நீருக்கு ஒரு கணக்கும் கனியத்துக்கு வேறொரு கணக்கும் எழுதப்படுகின்றன. நிலத்தின் அடியிலோ இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன. சட்டத்தைவிட நிலநூலே இங்கு நமக்கு நல்ல வழிகாட்டி என்பது என் கருத்து.

2022ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு, பதினோர் ஆண்டுகளில் அந்த உப்புவெளியின் இருவகைப் பூநாரைகளின் தொகை நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் குறைந்ததாகக் கூறியது. 2024ஆம் ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வு, செயற்கைக்கோள் அளவைகளைக் கொண்டு, உவர்நீர் இறைக்கும் பகுதியில் தரையே ஆண்டுக்கு ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் வரை அமிழ்ந்து வருவதைக் காட்டியது. புழையைத் தாங்கிய நீர் போனபின் உப்புக் கூடு அமுங்குகிறது.

இன்னோர் ஆய்வும் 2022இல் வந்தது. அது சுரங்கத்தாருக்கு ஓரளவு சாதகமானது, ஓரளவு பாதகமானது. அந்தப் பள்ளத்தில் எடுக்கப்படும் நன்னீரில் லித்தியத் தொழிலின் பங்கு நூற்றுக்குப் பத்துக்கும் குறைவு என்றும், தாமிரம் முதலிய சுரங்கங்களின் பங்கே பெரிது என்றும் அது கண்டது. அத்துடன் நீரின் வயதையும் பார்த்தது. நீரின் வயதைப் பார்க்க முடியுமா என்று வியப்பீர்கள். 1950களிலும் 1960களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் வானில் வெடித்த ஹைட்ரஜன் குண்டுகளால் டிரிட்டியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜன் உலகெங்கும் மழையில் கலந்தது. அதன் அரைவாழ்வு 12.3 ஆண்டு. ஒரு நீரில் அந்தச் சுவடு இல்லையென்றால் அது குண்டுகளுக்கு முன்பு பெய்த மழை. அட்டகாமாவின் ஓரத்து நன்னீரைச் சோதித்தபோது, அதில் பாதிக்கு மேற்பட்டது குறைந்தது 60 ஆண்டுப் பழமையுடையது என்று தெரிந்தது.

அதாவது, இன்று பூநாரை நின்று இரை தேடும் ஏரியில் ததும்பும் நீரில் பெரும்பங்கு, தாமிரச் சுரங்கத்தார் நீர் தேடி அந்த உப்புவெளிக்கு வந்த நாட்களிலேயே மலையினுள் இறங்கிவிட்ட நீர். அவ்வளவு மெதுவாக நடக்கும் நிலத்தில், இன்று இறைப்பதன் விளைவு முழுவதும் இன்றே தெரிந்துவிடாது. 1984ஆம் ஆண்டு முதல் அங்கே லித்தியம் எடுத்து வருகிறார்கள். ஏரிகளைச் சுற்றித் துளைத்த அளவுக் கிணறுகளில் நீர்மட்டத்தைக் குறித்து வருகிறார்கள்; குறிப்பு இன்னும் முடியவில்லை.